நீளு என்று கேட்ட பிள்ளை

அருப்புக்கோட்டையில் சித்திரை மாத வெயில் காலையிலேயே தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு காலையில், ராஜகுரு வீட்டு அடுப்படியில், நாலு வயசுப் பையன் ஒருவன் தன் அப்பாவுக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். அப்பாவின் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். பையன் எக்கி எக்கிக் கையை நீட்டினான். அப்பா டம்ளரை இன்னும் மேலே தூக்கினார்.

"நீளு," என்றான் பையன்.

"தண்ணி. தண்ணின்னு சொல்லு, தாரேன்."

"நீளு. நீளு."

"தண்ணின்னு சொல்லுடா!"

நீளு என்றாலும் தண்ணீர்தான். அது ராஜகுருவுக்குத் தெரியாதா என்ன? அவர் பிறந்த வீட்டில், அவருடைய பாட்டனும் பூட்டனும் இருந்த வீட்டில், தண்ணீருக்கு அதுதான் பெயர். பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கும் வாசல்படி தாண்டினால் தமிழும் பேசுகிறவர்கள். மழை பெய்தால் பருத்தி போடுவார்கள். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்து வைவார்கள். வைவதும் தெலுங்கில்தான். ராஜகுரு அந்த ஊரிலிருந்து டவுனுக்கு வந்து, பருத்தி விதையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்து, நாலு பேர் மதிக்கும்படி இருக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. பெற்ற பிள்ளையைத் தாகத்தில் நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஆளும் இல்லை. ஆனால் அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அதுவும் பிள்ளையின் நன்மைக்கு என்று முழுசாக நம்பிச் செய்துகொண்டிருந்தார். உலகத்தில் பாதிக் கொடுமை இப்படி நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது.

அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த ரேணுகாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

பையன் பெயர் ஜெயக்குமார். மூத்தவள் பிரவீணா வாயாடி. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் ஒரே மூச்சில் பேசுவாள். அவளுக்கு இளையவன் இவன். இவனுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் வேறு மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பருத்தி விதை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கை நிறைய விதையை அள்ளி, விரல் இடுக்கு வழியாகச் சிந்த விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். சோறு வரை மறந்துபோவான். கூட்டமும் இரைச்சலும் ஆகாது. பேச்சும் வரவில்லை. வந்த சில சொற்களும் அம்மா மடியில் கற்ற தெலுங்குச் சொற்கள்.

மூணு வயசில் ஊர்க் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்தில் பேச்சு வராத பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைக் கோவில் மணிக்கு நேர் கீழே நிறுத்தி, மணியை அடித்து, அந்த மணியில் ஊற்றி எடுத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். பேச்சு வந்தால் புது மணி வாங்கி வந்து கட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். ராஜகுருவும் வேண்டிக்கொண்டார். பூசாரி மொக்கையன் மணியை ஓங்கி அடித்தார். பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறிய அலறலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. ராஜகுரு அவன் கைகளைப் பிடித்து விலக்கி, "கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும்" என்றார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, அங்கிருந்த பெரிய டீச்சர் பையனைப் பார்த்துவிட்டு, "வீட்ல ரெண்டு பாஷை பேசுறீங்கள்ல? அதான் பிள்ளை குழம்பிப்போயிருக்கு. ஒரே பாஷையில பேசுங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். போகிற போக்கில் சொன்னதுதான்.

மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்த மாதிரி ஆனது ராஜகுருவுக்கு. இத்தனை நாளும் காரணம் தெரியாமல் தவித்தவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டார். இனிமேல் இந்த வீட்டில் தெலுங்கு கூடாது. தமிழ்நாட்டில் பிழைக்கிறோம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறான், தமிழ் மட்டும்தான்.

"பிரவீணாவும் இதே வீட்டுலதான வளந்தா? அவ ரெண்டும் பேசுறாளே," என்றாள் ரேணுகாதேவி.

"அவ கெட்டிக்காரி. இவனால முடியல. நீ தெலுங்குல பேசிப் பேசித்தான் இவன் வாயி கட்டிப்போச்சு."

அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு அவள் எதிர்த்துப் பேசவில்லை. தன்னால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஒரு தாய் நம்பிவிட்டால், அவளை வாயடைக்க வேறு பூட்டு வேண்டாம்.

டீச்சர் சொன்ன மருந்தோடு ராஜகுரு தன் கைமருந்தையும் சேர்த்துக்கொண்டார். கடையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சரக்கின் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் எடைக்கல்லைத் தொடுவார். "அதுல குடுங்க, இதுல குடுங்க" என்று கை காட்டினால், "பேரச் சொல்லுப்பா" என்பார். மாற்றி எடுத்துக் கொடுத்து வம்பில் மாட்டிய அனுபவம். அந்தக் கடைச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். தமிழில் பெயர் சொன்னால்தான் தண்ணீர். தமிழில் பெயர் சொன்னால்தான் பிஸ்கட்.

அன்று அடுப்படியில் நடந்தது அதுதான். பையன் கொஞ்ச நேரம் அழுதான். நீளு, நீளு என்று இன்னும் சில தடவை சொன்னான். சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ராஜகுருவுக்கே பொறுக்காமல் டம்ளரைக் கொடுத்தார். ஆனால் மறுநாளும் தூக்கிப் பிடித்தார். அதற்கு மறுநாளும்.

சில வாரங்களில் பையன் கேட்பதை நிறுத்திவிட்டான். தாகம் எடுத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் குடத்தில் தானே மோந்து குடித்தான். பசித்தால் டப்பாவைத் தானே திறந்தான். "பாத்தியா, தன் வேலையத் தானே பாக்குறான்" என்று ராஜகுரு பெருமைப்பட்டார். தன் பிள்ளை தன்னிடம் கேட்பதைக் கைவிட்டுவிட்டான் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

ரேணுகாதேவியின் நிலைமை இன்னும் மோசம். அவளுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. தமிழில் விலை பேசுவாள், குழாயடியில் சண்டை போடுவாள், பஸ்ஸில் இடம் பிடிப்பாள். கொஞ்சத்தான் தெரியாது. அவளைத் தமிழில் யாரும் கொஞ்சியதில்லை. "வா தம்பி, சாப்பிடு தம்பி" என்று மகனிடம் அவள் பேசுவது ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுவதுபோல அவளுக்கே கேட்கும். அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டாள். பாட்டு நின்றது. கதை நின்றது. வீடு நல்ல தமிழில் அமைதியாக இருந்தது.

பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த ராஜகுருவின் அண்ணன் மனைவி சுந்தராம்பாளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பிடிபடவில்லை. வாசலிலேயே சட்டத்தைச் சொல்லி நிறுத்தியபோது, "ஏன் கொழுந்தனாரே, செருப்ப வாசல்ல விடச் சொல்றது சரி. பாஷையையுமா விட்டுட்டு வரணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராஜகுரு சிரிக்கவில்லை.

"பிள்ளைக்காகத்தான மதினி," என்றார்.

"பிள்ளைக்காகன்னா சரிதான்யா," என்று சுந்தராம்பாளும் அடங்கிப்போனாள். அதன்பிறகு அவர்கள் வருவதும் குறைந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் ராஜகுருவுக்குத் தெரியாது. பின்கட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ரேணுகாதேவி மகனைக் குளிப்பாட்டுவாள். அவர் கடைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் குளிப்பாட்டுவாள். தண்ணீரைச் சத்தம் வரும்படி ஊற்றிக்கொண்டே, அவன் காதோரம் குனிந்து, "ரா நாயனா, நா பங்காரு" என்பாள். வா ராசா, என் தங்கமே என்று அர்த்தம். பையன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் அவள் தோளில் தன் நெற்றியை முட்டி வைத்துக்கொள்வான். சில நாள் அவள் சொன்னதில் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான். அந்தச் சந்தோஷம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிற நேரம்கூட நிற்காது. உடனே திருடி மாதிரி வாசல் பக்கம் பார்ப்பாள். 'கட்டுப்படுத்த முடியலையே, என் பிள்ளை வாயை நானே கெடுக்கிறேனே' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாளையிலிருந்து பேசக் கூடாது என்று தினமும் சத்தியம் செய்வாள். தினமும் மீறுவாள்.

பையனுக்கு ஏழு வயசு நடந்தபோது, ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தது. சளி விட்ட பிறகு அவன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான். சோறு இறங்கவில்லை. படுக்க வைத்தால் எழுந்து ஓடினான். தொட வந்தவர்களைக் கடித்தான். ராஜகுருவுக்குக் கடையில் லோடு இறக்குகிற நேரம். வீட்டுக்கு வந்தால் இந்தக் கூத்து. "சேட்டை நாளுக்கு நாள் கூடிப்போச்சு" என்று சொல்லி ஓங்கி ஒரு அறை வைத்தார். அடி காதோடு சேர்ந்து விழுந்தது. பையன் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான்.

மறுநாள் காலை பின்கட்டில் வெந்நீர் ஊற்றும்போது ரேணுகாதேவி காதோரம் கேட்டாள். "ஏமி நாயனா? நொப்பியா?"

பையன் அவள் கையைப் பிடித்தான். இழுத்துத் தன் வலது காதின் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். "நொப்பி," என்றான். "அம்மா, நொப்பி."

வலிக்கிறது, அம்மா. இதற்கு மேல் ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

அவள் ஈரக் கையோடு கடைக்கு ஓடினாள். வாசலில் வண்டி நின்றது, மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. "ஏங்க, அவனுக்குக் காது வலிக்குது போல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவமா?"

"காது வலின்னு எப்பிடித் தெரியும்? சொன்னானா?"

வாய்வரை வந்துவிட்டது. சொன்னான், தெலுங்கில் சொன்னான் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பது அவளுக்குத் தெரியும். நீ எந்தப் பாஷையில கேட்ட? இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சா பேசுன? அப்ப இவன் பேசாததுக்குக் காரணம் நீதானடி! கடைக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.

"சொல்லல," என்றாள். "சும்மா தோணுச்சு."

"தோணுச்சாம்ல. போ போ, வேலையப் பாரு. லோடு முடியட்டும், பாப்போம்."

லோடு முடிந்தது. மழை வலுத்தது. மறுநாள் விடிந்தபோது பையனின் தலையணையில் சீழும் ரத்தமும் இருந்தன.

உள்ளூர் டாக்டர் காதைச் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தார். "செவிப்பறை கிழிஞ்சிருக்கு. நாலஞ்சு நாளாத் துடிச்சிருப்பானே! ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரல? ஒண்ணும் சொல்லலையா?"

"அவனுக்குப் பேச்சு வராதுங்க சார்," என்றார் ராஜகுரு.

பக்கத்தில் நின்ற ரேணுகாதேவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜகுரு, மனைவிக்கு மயக்கம் என்று நினைத்துச் சோடா வாங்கப் போனார்.

காது ஆறிய பிறகு, அதே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மதுரைக்குப் போனார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்த டாக்டர் தங்கச்செல்வி அங்கே இருந்தார். ராஜகுரு எதிர்பார்த்ததுபோல அவர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. தரையில் ஒரு பாயை விரித்து, டப்பா மூடிகளைக் கொட்டி, பையனை அவன் போக்கில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் மூடிகளைப் பெரிசு சிறிசாக வரிசை கட்டினான். அவர் நிறையக் கேள்வி கேட்டார். பிறகு, "இதுக்கு ஆட்டிசம்னு பேரு" என்றார்.

இருவரும் அந்தப் பெயரை அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"பிறவியிலயே மூளை வேற மாதிரி அமைஞ்சிருக்கு. உங்க பையனுக்கு உலகம் வேற மாதிரி கேக்குது, வேற மாதிரி தெரியுது. யாரும் செஞ்ச தப்பால வந்ததில்ல," என்றார் டாக்டர்.

ராஜகுரு தன் பங்கு முயற்சியைச் சொல்ல ஆரம்பித்தார். "நாங்களும் சும்மா இருக்கல மேடம். தெலுங்கு வீடுங்க எங்களுது. ரெண்டு பாஷை குழப்பும்னு சொன்னாங்க. அன்னையிலருந்து வீட்ல ஒரு வார்த்தை தெலுங்கு கிடையாது. நீளுன்னு கேட்டாக்கூட, தண்ணின்னு சொன்னாத்தான் குடுப்பேன். அவ்வளவு கண்டிப்பா இருந்தும்..."

அவர் முடிக்கவில்லை. ரேணுகாதேவி எழுந்து நின்று கையைக் கூப்பிவிட்டாள்.

"நான்தாங்க டாக்டர் கெடுத்தேன். இவுக மேல தப்பில்ல. இவுக கடைக்குப் போனதும் குளிப்பாட்டுற எடத்துல நான் தெலுங்குல பேசிருவேங்க. தெனமும் பேசிருவேன். அடக்கிப் பாத்தேன், முடியல. காது வலின்னும் அவன் எங்கிட்டச் சொன்னான். நொப்பின்னு சொன்னான். நான் இவுகளுக்குப் பயந்து சொல்லாம விட்டுட்டேன். எம்பிள்ளை காதப் போக்குன பாவி நான்தாங்க."

ராஜகுரு திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். டாக்டர் தங்கச்செல்வி எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"வலி எங்கன்னு கையப் பிடிச்சுக் காட்டி, வாயாலயும் சொன்னானா?"

"ஆமாங்க."

"அம்மா, இவன மாதிரிப் பிள்ளைங்க வலியச் சொல்றதே அபூர்வம். இவன் உங்ககிட்டச் சொல்லியிருக்கான். எப்பிடிச் சொன்னான்? நீங்க தினமும் அவன்கிட்டப் பேசுனதால. நீங்க எதையும் கெடுக்கல. அவன் பேசுறதுக்கு இருந்த ஒரே வாசல் நீங்க குளிப்பாட்டுற எடம்தான்."

"அப்ப ரெண்டு பாஷை...?" என்று இழுத்தார் ராஜகுரு.

"ரெண்டு பாஷையால ஆட்டிசம் வராது சார். ஒண்ணை நிறுத்துனாப் போகவும் போகாது. குழப்பும்னு நிறையப் பேரு சொல்றாங்க, எங்க டாக்டர் ஆளுங்களே சொல்றாங்க. நான் பாத்த பிள்ளைங்க யாரும் அப்படிக் குழம்பல. வீட்டுப் பாஷைய நிறுத்துனதுல பெத்தவங்க பேச்சுதான் நின்னுபோயிருக்கு." அவர் ராஜகுருவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "நான் ஒண்ணு கேக்குறேன். நாலு வயசுல அவன் நீளுன்னு கேட்டானே, கேட்டதுக்கு அவனுக்கு என்ன கிடைச்சுச்சு?"

ராஜகுரு, டம்ளரைத் தூக்கிப் பிடித்த தன் கையைப் பார்த்தார்.

"பேசுனா ஒண்ணு கிடைக்கும்னு தெரிஞ்சாத்தான் சார் பிள்ளை பேசும். கைய நீட்டுனாலும் குடுங்க. படத்தைக் காட்டுனாலும் குடுங்க. எந்தப் பாஷையில சொன்னாலும் குடுங்க. குடுக்கும்போது நீங்க பேரச் சொல்லுங்க, சின்னச் சின்னச் சொல்லா. அவன் சொல்ற வரைக்கும் பிடிச்சு வைக்காதீங்க. எல்லாப் பேச்சும் வந்துரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அவனுக்கு வேணுங்கிறத உங்களுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும்." பிறகு ரேணுகாதேவியின் பக்கம் திரும்பி, "இப்பப் பேசுங்கம்மா, உங்க பாஷையிலயே. நான் பாக்குறேன்" என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். பேச அனுமதி கேட்கிற பார்வை. கட்டிய மனைவி, பெற்ற மகனிடம் பேசுவதற்கு, ஒரு டாக்டருக்கு முன்னால் தன் முகத்தைப் பார்த்து அனுமதி கேட்கிறாள் என்பது ராஜகுருவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. "மாட்லாடு" என்றார். பேசு என்று அர்த்தம். அத்தனை வருஷம் கழித்து அவளிடம் அவர் சொன்ன முதல் தெலுங்குச் சொல் அது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு வீடு மெல்ல மெல்லச் சத்தம் போட ஆரம்பித்தது. பிரவீணா பழைய காலண்டரிலும் பிஸ்கட் அட்டையிலும் படம் வெட்டி, தம்பிக்கு ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுத்தாள். பசித்தால் இட்லிப் படத்தில் விரல் வைப்பான். ரேணுகாதேவி இப்போது அடுப்படியிலேயே பாடினாள். அவன் அம்மாவிடம் தெலுங்கிலும் அக்காவிடம் தமிழிலும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். எந்தச் சொல் யாருக்கு என்பதில் அவனுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

அப்பாவிடம் மட்டும் அவன் எதுவும் கேட்கவில்லை.

ராஜகுரு கடையிலிருந்து வந்ததும் ஒரு டம்ளரில் தண்ணீர் மோந்து அவனிடம் நீட்டுவார். "நீளு, நாயனா" என்பார். அப்பா கையில் டம்ளரைக் கண்டதும் பையன் இரண்டு அடி பின்னால் நகர்வான். சுவரோடு ஒட்டிக்கொள்வான். அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு விலகிப் போவார். அவர் போன பிறகும் அவன் அதைத் தொட மாட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டுக் குடத்தில்தான் குடிப்பான். தான் கற்றுக் கொடுத்த ஒரே பாடத்தை மகன் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறான் என்று அவர் தினமும் பார்த்தார். பார்த்துச் செத்தார். அந்தக் கையால் அவன் காதில் அறைந்ததை நினைத்தால் சாப்பாட்டில் கை வைக்கப் பிடிக்காது.

கடையில் யாராவது மூட்டையைக் கை காட்டினால், இப்போதெல்லாம் பெயரைக் கேட்காமல் எடை போட்டுக் கொடுத்தார். "அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?" என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த பங்குனியில் ஊர்க் கோவில் கொடைத் திருவிழா வந்தது. ராஜகுரு ஒரு புது வெண்கல மணி வாங்கினார்.

"பேச்சு முழுசா வரலையேங்க? இப்பவே ஏன் மணி?" என்று கேட்டாள் ரேணுகாதேவி.

"கட்டணும். எனக்குக் கட்டணும்."

மணியின் நாக்கில் அவர் தன் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஆட்டினால் சத்தம் வராதபடி கட்டினார்.

கோவில் பொட்டலில் வெயில் கொளுத்தியது. கூட்டத்துக்கு ஒதுங்கி, வேப்பமர நிழலில் தண்ணீர்க் குடத்தை வைத்துக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ரேணுகாதேவியும் பிரவீணாவும் பொங்கல் வைக்கப் போயிருந்தார்கள். ராஜகுருவும் பையனும் மட்டும் இருந்தார்கள். சுந்தராம்பாள் பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். மோந்து குடிக்கிற டம்ளர் அப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. குடமோ பெரிய குடம், வாய் வரை நிறைந்தது, பையனால் சாய்க்க முடியாது. அவன் குடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு நின்றான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவர் கையை மட்டும் பிடித்து இழுத்துக் குடத்தின் மேல் வைத்தான்.

டம்ளரை எடுக்க ராஜகுருவுக்குப் பயம். குடத்தைச் சாய்த்து, "நீளு... தண்ணி... இந்தா நாயனா" என்று சொல்லிக்கொண்டே அவன் குவித்த கைகளில் ஊற்றினார். அவன் குடித்தான். அவர் ஊற்றினார். அவன் நிமிர்ந்த பிறகும் ஊற்றினார். தண்ணீர் அவன் சட்டையெல்லாம் நனைத்து ஓடியது. அவர் கண்ணிலிருந்தும் ஓடியது. நிறுத்தத் தோன்றவில்லை.

பையன் அவர் மணிக்கட்டைத் தள்ளினான்.

"சாலு," என்றான்.

போதும் என்று அர்த்தம்.

தேங்காயைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் சுந்தராம்பாள். "ஏ, பேசிட்டான்! கொழுந்தனார்ட்டப் பேசிட்டான்! சாமி கண்ணத் தொறந்துருச்சு!" என்று கத்தினாள். ரேணுகாதேவி அகப்பையோடு ஓடி வந்தாள். கூட்டம் கூடப் பார்த்தது. பையன் காதைப் பொத்தினான். ராஜகுரு அவனைத் தன் வேட்டி மறைவில் இழுத்துக்கொண்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

அந்தக் கோவிலில் மணி கட்டுகிறவர் தன் வேண்டுதலை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லித்தான் கட்ட வேண்டும். பூசாரி மொக்கையன் மணியை வாங்கிப் பார்த்தார். நாக்கில் சுற்றிய துணியைத் தடவினார்.

"என்னய்யா இது, மணிய ஊமையாக்கிக் கொண்டாந்திருக்க? அவுத்துவிடு. பிள்ளை பேசுன நாளு. அடிச்சுக் கொண்டாடுவோம்."

"வேண்டாம் சாமி. சத்தம் எம்பிள்ளைக்கு ஆகாது. அன்னைக்கு அவன் கையப் பிடிச்சுக்கிட்டு அடிக்கச் சொன்னேன்ல, அதுக்கே நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல."

"சரி, வேண்டுதலச் சொல்லிக் கட்டு. பேசாத பிள்ளைய சாமி பேச வச்சதுன்னு சொல்லு."

ராஜகுரு முடியாது என்று தலையை ஆட்டினார். மணியை வளையத்தில் மாட்டிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்பிடிச் சொன்னா அது பொய்யி சாமி. எம்பிள்ளை இன்னைக்குப் பேசல. நாலு வயசுலயே பேசுனான். நீளுன்னு கேட்டான். எனக்குப் புரிஞ்சது. புரிஞ்சும் நான் குடுக்கல. அம்மா பேசுற பாஷை பிள்ளைய ஊமையாக்கும்னு எவரோ சொன்னத நம்பி, அவ வாயையும் கட்டி, அவன் வாயையும் கட்டுனேன். பேசாத பிள்ளை உங்க வீட்டுல இருந்தா மணியடிக்காதீங்க. அவனக் குழப்புறது ரெண்டு பாஷை இல்ல. கேட்டும் கேக்காத மாதிரி நிக்கிற அப்பன்தான். எந்தப் பாஷையில கேட்டாலும் சரி, கையக் காட்டிக் கேட்டாலும் சரி, மொதல்ல தண்ணியக் குடுங்க."

பூசாரி, சத்தம் போடாத அந்த மணிக்குத் திருநீறு பூசிவிட்டு நகர்ந்தார். ராஜகுரு கீழே பார்த்தார். ஜெயக்குமார் நனைந்த சட்டையோடு, அப்பாவின் வேட்டி முனையை விரல் இடுக்கில் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.